குடில் மெழுகுதிரியும் மட்டிப்பழமும்

மைனி,

இன்று புதுக்கடைச் சந்தையில் மட்டிப்பழ வாழைக்குலை ஒன்று பழுத்துத் தொங்கியது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. போய்ச் சேர்ந்த பிறகும் நாத்தனாரைச் சந்தையில் நிம்மதியாக நடக்க விடமாட்டீர்கள் போல.

சில வருஷம் முந்தி, அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக் குடிலில் வைக்க, பேட்டரியில் எரியும் குட்டி மெழுகுதிரிகளை நீங்கள்தான் வாங்கி வந்தீர்கள். "தீயும் இல்ல, புகையும் இல்ல. பிள்ளையுள்ள வீட்டுக்குக் கொள்ளாம்" என்றீர்கள். "எங்க அண்ணனக் கெட்டின பெறகு மைனிக்குப் புத்தி வந்திருக்கு" என்று நான் வாரினேன்.

மறுநாள் காலையில் குடில் பக்கத்தில் இருந்து என் மகன் ஜெபின் அழுதான். ரெண்டு வயசு. தொண்டையைத் தொட்டுக் காட்டினான். எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது.

"துட்ட முழுங்கியிருப்பான். எனக்க மூத்தவன் முழுங்கினப்ப மட்டிப்பழம்தானே குடுத்தோம்? மறுநாளே வெளிய வந்துதா இல்லியா?" என்று பழத்தை உரித்தீர்கள். நம் பக்கத்தில் எந்த வீட்டிலும் இதே வைத்தியம்தான். அவனோ வாயை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பினான்.

அப்போதுதான் குடில் வைக்கோலுக்குள் அடிமூடி கழன்ற மெழுகுதிரி உங்கள் கண்ணில் பட்டது. உள்ளே இருக்க வேண்டிய, துட்டு மாதிரி வட்டமான பேட்டரி இல்லை.

"ஏட்டி, இது துட்டில்ல! ஒண்ணும் குடுக்காத. ஆட்டோவ விளி!"

நாகர்கோவிலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். "துட்டுன்னா ஒரே வட்டம். இதுல வட்டத்துக்குள்ள இன்னொரு வட்டம் தெரியுது பாருங்க" என்றார் டாக்டர். பேட்டரி உணவுக்குழாயில் சிக்கியிருந்தது. மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். அதற்குள் பேட்டரி பட்ட இடம் வெந்துபோயிருந்தது. புண் ஆறும்போது குழாய் சுருங்கலாம், அப்புறம் கட்டியாக எதுவும் இறங்காது, அவ்வப்போது விரித்துவிட வேண்டியிருக்கும் என்றார்கள். அப்படியேதான் ஆனது. எத்தனையோ மாதம் அவனுக்குக் கஞ்சித் தண்ணிதான்.

விரித்துவிட ஆஸ்பத்திரிக்குப் போன ஒவ்வொரு தடவையும் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நீங்களும் வந்தீர்கள். "நான் வாங்கின சாதனம்லாட்டி" என்று பஸ்ஸில் கண்ணைத் துடைப்பீர்கள்.

"உங்க மீன்கறிக்கு பேட்டரி தேவலன்னு நெனச்சிருப்பான், மைனி. நீங்க என்ன செய்விய?" என்பேன். அழுதுகொண்டே சிரித்து என் தோளில் ஒரு அடி போடுவீர்கள். அந்த அடிக்காகத்தான் அப்படிச் சொல்வேன்.

"இவன் ஒரு முழு மட்டிப்பழம் தின்னுறதப் பாத்தாப் போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பார்க்கவில்லை. நெஞ்சுவலி முந்திக்கொண்டது.

இன்று பழம் வாங்கி வந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஜெபின், நான் நறுக்கக் கத்தி எடுப்பதற்குள் ஒன்றை உரித்து வாயில் திணித்துவிட்டான். அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இறங்கியது. அடுத்ததுக்குக் கை நீட்டினான்.

"மாமிக்கு ஒண்ணு மிச்சம் வைலே" என்றேன்.

இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும் பிள்ளைகளின் பொம்மையைத் தலைகீழாகத் திருப்பி, பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பார்க்கிறேன். "மைனி பேய் பிடிச்சிருக்கு இவளுக்கு" என்கிறான் அண்ணன். இருக்கட்டும்.

இந்த வருஷமும் குடிலில் உங்கள் மெழுகுதிரிகள்தான் எரியும். மூடி கழலாமல் சுற்றி டேப் ஒட்டிவிட்டேன். ஒட்டியது நான், கோணலாகத்தான் இருக்கும். முடிந்தால் வந்து குறை சொல்லுங்கள்.