கிரேனில் ஏறக் கூடாது என்று எழுதிய அக்காவுக்கு

என் அருமை அக்கா,

போன வாரம் ஹேடோ துறைமுகப் பக்கம் போயிருந்தேன். நாம் இருந்த குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள், மாடிக் கட்டடம் எழும்புகிறது. மழை மட்டும் மாறவில்லை. சொல்லாமல் வந்து நனைத்துவிட்டுப் போனது. நீ இருந்திருந்தால் "குடை எடுக்காம ஏன்டி வந்தே?" என்று திட்டியிருப்பாய்.

அங்கேயே நின்றுவிட்டேன். அறுபதுகளின் கடைசி அது. நீ ஆஸ்பத்திரி டாக்டர், நான் பள்ளிக்கூட டீச்சர். மெயின்லாண்டிலிருந்து நம் தீவுக்குக் கப்பல் வரும் நாள்தான் நமக்குத் திருநாள். கடிதம் வரும், சின்ன வெங்காயம் வரும், ஊர்ப் பேச்சு வரும்.

பக்கத்து வீட்டில் துரைராஜ் அண்ணனும் ராக்கம்மா மதினியும். மதினியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நாலு பேர் கையில் இது போகலாம் என்று பெயர்களை மாற்றியும் விட்டேன், நீ அதைத்தான் விரும்புவாய். அண்ணன் ஒரு கான்ட்ராக்டரிடம் கிரேன் ஓட்டினார். கப்பலிலிருந்து அவர் சிமெண்ட் மூட்டைகளை இறக்குவதை நாம் வேடிக்கை பார்த்திருக்கிறோம். கீழே நிற்கிறவர்களின் தலைக்கு மேலேதான் அந்தச் சுமை நகரும்.

ஒரு காலையில் மதினி அலறிக்கொண்டு வந்தாள். நாம் ஓடினோம். அண்ணன் அடுப்படியில் வலிப்பு வந்து கிடந்தார். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். இது முதல் தடவை இல்லை என்று அப்புறம்தான் சொன்னார். மாத்திரை கொடுத்து, லீவு போடச் சொன்னாய்.

லீவு முடிந்து வேலையில் சேர ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் வேண்டும். அண்ணனும் மதினியும் சேர்ந்தே உன்னிடம் வந்தார்கள்.

"உடம்பு நல்லாருக்குன்னு ஒரு வரி எழுதிக் குடு தங்கச்சி. எனக்குப் போதும்."

"நல்லாத்தான் இருக்கீங்கண்ணே. ஆனா கிரேன்ல ஏறக் கூடாது. அதை எழுதாம எப்படி?"

"எழுதினா என் பொழப்பு போச்சு."

"மேலே இருக்கும்போது வந்துச்சுன்னா? கீழே நிக்கிறவங்களும் நம்ம ஆளுங்கதானே?"

மதினி குறுக்கே புகுந்தாள். "எங்க வீட்டு மீன்குழம்பு வேணும், எங்க கஷ்டம் மட்டும் வேணாமா?" என்றாள். நீ தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தாய். உயரத்திலோ ஓடும் இயந்திரத்திலோ வேலை செய்யக் கூடாது, தரையில் மற்ற வேலைகள் செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய்.

மறுநாள் கான்ட்ராக்டரின் மேனேஜர் அந்தக் காகிதத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். இந்தி பாதி, தமிழ் பாதியாகப் பேசுவாரே, அவர்தான்.

"டாக்டர் சாப், பீமாரி, அதான் நோய், என்னன்னு எழுதலையே?"

"அது அவருக்கும் எனக்கும் உள்ளது. அவர் என்ன வேலை செய்யலாம், என்ன செய்யக் கூடாதுன்னு எழுதியிருக்கேன். உங்களுக்கு அது போதும்."

"அப்போ எந்த வேலைக்கும் லாயக்கில்லைன்னு எழுதிக் கொடுங்க. அவ்வளவுதான், வேற ஆளைப் போட்டுக்கறோம்."

"அது பொய். அதுக்குக் கீழே நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"மேலதிகாரிங்ககிட்ட சொல்ல வேண்டியிருக்கும்."

"சொல்லுங்க. தரையில வேலை இருந்தும் இவருக்குக் கொடுக்கலைன்னு நானும் சொல்றேன்."

வைத்த டீயைக் குடிக்காமல் போனார். அவர் தலை மறைந்ததும் நீ கதவைத் தாழிட்டுவிட்டு, தாழ் விழுந்ததா என்று இன்னொரு தடவை பார்த்ததை நான் கவனித்தேன், அக்கா. உனக்குப் பயம் இல்லை என்று ஊரார் சொல்வார்கள். இருந்தது.

அண்ணனுக்கு கோடவுனில் வேலை கொடுத்தார்கள், சம்பளம் குறைவு. மதினி நம் பக்கத்துக் கதவைச் சாத்தியே வைத்தாள். சொந்த ஜனத்துக்கே ஒரு காகிதம் தராத டாக்டர் என்று மார்க்கெட்டில் என் காதுபடவே பேசினார்கள். அந்தத் தீபாவளிக்கு நம் வீட்டுப் படியை யாரும் மிதிக்கவில்லை. செய்த அதிரசத்தை ஒரு வாரம் நாமே தின்று தீர்த்தோம். "நான் செஞ்சது சரிதானேடி?" என்று கேட்டாய். சரி என்றேன். ஆனாலும் அன்று நீ சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் கோடவுனுக்குள் அண்ணனுக்கு மறுபடியும் வலிப்பு வந்தது. அரிசி மூட்டைகளுக்கு நடுவில் விழுந்தார். உதடு கிழிந்ததோடு போயிற்று. வெளியே அந்த நேரம் கப்பலிலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மதினி நம் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். "இந்நேரம் அவரு மேலே இருந்திருந்தா..." என்றாள். நீ அடுப்பிலிருந்து திரும்பி, "சாப்பிட்டீங்களா மதினி?" என்று மட்டும் கேட்டாய். அவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

மாத்திரையில் நோய் கட்டுக்குள் வந்தது. பேரன் பேத்தி எடுத்துவிட்டுத்தான் அண்ணன் போனார். ஆனால் கப்பல் வந்த நாட்களில் துறைமுக வார்ஃபில் நின்று கிரேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்கும்போது உனக்கு என்ன தோன்றியிருக்கும்? நான் கேட்கவே இல்லை. இனி யாரிடம் கேட்பேன்?

ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவுக் கூட்டம். 'கேட்டவர்க்கு இல்லை என்று சொல்லாதவர்' என்று நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். மதினிக்குப் படித்துக் காட்டினேன். இப்போது அவளுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. "எங்களுக்கு இல்லைன்னுதானே சொன்னா," என்று சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என்னையும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். மதினி என் பக்கத்தில் உட்காருவாள். நீ இல்லை என்று சொன்ன அந்த ஒரு நாளைத்தான் அங்கே சொல்வேன், அக்கா. முழுவதும் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

உன் கூடப் பிறந்தவள்,
சரோஜா