கசிவு எதுவும் இல்லை

மார்ச் 11, காலை

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் தோழியின் அறையில் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. உன் காற்றுத் துப்பாக்கி அதற்கு முந்தின நாளே குழுவின் வேனில் வந்துவிட்டது. "பெட்டி வந்துடுச்சு, ஆள் வரலை" என்று அப்பா சொன்னார். உன்னைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

"காத்து எங்கேயோ கசியுதுக்கா. இல்லேன்னா அந்தக் குண்டு அவ்வளவு மேல போயிருக்காது" என்று எழுதியிருந்தாய். நீ கேட்டதால் ஒன்றுவிடாமல் பார்த்தேன். சிலிண்டரில் இருநூறு வரை காற்றேற்றி என் ரிப்பேர் மேசையில் மூன்று நாள் வைத்திருந்தேன். அழுத்தம் காட்டும் முள் மயிரிழை கூட இறங்கவில்லை. மரை சேரும் இடம், காற்றேற்றும் வாய், முள்ளின் அடி எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவினேன். ஒரு குமிழி வரவில்லை. குழல் முனையில் பலூன் மாட்டி வைத்தேன். வால்வு ஒழுகினால் பலூன் உப்ப வேண்டும். மாலை வரை அது துவண்டே தொங்கியது. குண்டு போடும் இடத்தில் மெல்லிய காகிதம் வைத்துச் சுட்டேன், காகிதம் படபடக்கவில்லை. கடைசியாக வேகம் அளக்கும் கருவி வழியே பத்துக் குண்டுகள் விட்டேன். நொடிக்கு 172, 171, 172, 172 மீட்டர். பத்துக்கும் இடையில் ஒரே ஒரு மீட்டர்தான் வித்தியாசம். நாம் சுட்டுப் பழகும் ரேஞ்சில் உள்ள பதினான்கு துப்பாக்கிகளில் இத்தனை சுத்தமாக ஓடுவது வேறில்லை.

அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். கசிவு துப்பாக்கியில் இல்லை.

தேர்வுப் போட்டியின் இறுதிச் சுற்றில் நடந்ததைக் கோச் வந்து சொன்னார். பதினேழாவது குண்டு வரை நீதான் முன்னால் இருந்தாயாம். யாருடைய இலக்கோ பழுதாகி எல்லோரையும் ஏழு நிமிடம் நிறுத்தி வைத்தார்களாம். மறுபடி தொடங்கியதும் உன் முதல் குண்டு மேலே ஏறி 9.4. அடுத்தது கீழே இறங்கி 9.1. அணியில் இரண்டு பேருக்குத்தான் இடம், நீ மூன்றாவது. காற்று கசிந்தால் எல்லாக் குண்டும் ஒரு பக்கமாகத்தானே போகும், தங்கச்சி? ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் அதற்குப் பெயர் வேறு. அந்த ஏழு நிமிடமும் நம் ரேஞ்சில் உன்னோடு பழகிய பல் டாக்டரின் மகள் உன் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு 10.6 போட்டாளாம்.

"கல்லுன்னு பேர் வச்சோம், மண்ணா போயிட்டா" என்று கோச் எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் சிரிக்கவில்லை என்பதை மட்டும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

துப்பாக்கி மேல் பழியைப் போட்டால் இன்றைக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அதுவே பழகிவிடும். எல்லோருக்கும் நெஞ்சுரம் வாய்த்துவிடுவதில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்பாவின் கோபம் தணியும்வரை நீ வீட்டுக்கு வராமலிருப்பது நல்லது. எப்போது வரலாம் என்று நானே எழுதுகிறேன்.

உன் நலம் நாடும்
அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்ததாக நீ எழுதியதைப் படித்து நிம்மதியானேன். பெட்டி கட்டும் வேலைதானே, பதற்றம் இருக்காது. உனக்கு ஏற்ற வேலை. கையுறையை இரண்டு அடுக்காகப் போட்டுக்கொள்.

அப்பாவுக்கு இருமல் விட்டபாடில்லை. மருந்து வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு செய்தி. பிறர் வாயால் கேட்பதற்கு முன் நானே சொல்வது முறை. உன் துப்பாக்கியைப் பல் டாக்டரின் மகள் கேட்டாள். "சும்மா கெடந்து என்ன ஆகப்போகுது, குடுத்துடு" என்று அப்பா சொல்லிவிட்டார். அவள் உன்னைவிடக் குள்ளம், கழுத்தும் சின்னது. அதனால் உன் கன்னம் பதியும் கட்டையைக் கழற்றி இரண்டு சென்டிமீட்டர் செதுக்கினேன். தோள்பட்டைத் தகட்டை உள்ளே தள்ளினேன். இன்னும் சில சில்லறை வேலைகள் பார்த்துக் கொடுத்தேன்.

போன வாரப் போட்டியில் அதை வைத்து அவள் முதலிடம் வாங்கினாள். அங்கேயும் மின்சாரம் போய்ப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தார்களாம். அதன் பிறகு அவள் போட்ட முதல் குண்டு 10.7. "துப்பாக்கி அதேதான், ஆள்தான் வேற" என்று ரேஞ்சில் ஆளாளுக்குப் பேசிக்கொள்கிறார்கள். உன்னைப் புண்படுத்த இதை எழுதவில்லை.

அவள் படம் செய்தித்தாளில் வந்தது. அப்பா அதைக் கத்தரித்துக் கூடத்துக் கண்ணாடிச் சட்டத்தில் செருகியிருக்கிறார். அதில் இருந்த உன் படம் பத்திரமாக அலமாரியில் இருக்கிறது. கவலைப்படாதே.

அன்புடன்
அக்கா


ஜனவரி 30

தங்கச்சி,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. அதற்குப் பிறகு நடந்ததையும் அதற்கு முன் நடந்ததையும் எழுதுகிறேன். பாதியில் கிழித்துப் போடத் தோன்றும். முழுதும் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

கிடங்கில் பளு தூக்கும் வண்டி ஓட்ட உன்னைக் கேட்டார்கள் என்றும், மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். "நீ சொன்னதுதான்க்கா சரி. நெருக்கடின்னா என் கை செத்துடும். யார் மேலயாவது ஏத்திட்டா?" என்று எழுதியிருந்தாய். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பேன். அடுத்த வரியில், "எல்லாரும் கைவிட்டப்ப நீ ஒருத்திதான் உண்மையச் சொன்ன, நீ ஒருத்திதான் என்கூடப் பேசின" என்று எனக்கு நன்றி சொல்லியிருந்தாய்.

அந்தத் துப்பாக்கி கசிந்தது. போட்டிக்குப் பதினைந்து நாள் முன்பே எனக்குத் தெரியும்.

வழக்கமான சோதனைக்காக எடுத்துப் பத்துக் குண்டு விட்டேன். எல்லாம் 172. அதற்குள் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். போய்ப் பேசிவிட்டு ஆறேழு நிமிடம் கழித்து வந்து பதினொன்றாவதைச் சுட்டேன். 181. கருவிதான் பிசகு என்று நினைத்து, அதே அளவு நேரம் காத்திருந்து மறுபடி சுட்டேன். 182. அப்போது புரிந்துவிட்டது. சிலிண்டரிலிருந்து வரும் காற்றை ரெகுலேட்டர் ஒரு சின்ன அறைக்குள் அளந்துவிட்டு மூடிக்கொள்ள வேண்டும். மூடும் அந்தப் பொட்டு போன்ற பிளாஸ்டிக் வில்லையில் ஒரு கீறல் விழுந்திருந்தது. சும்மா வைத்திருந்தால் அதன் வழியே அறைக்குள் கூடுதல் காற்று ஊறிக்கொண்டே இருக்கும். வெளியே ஒரு துளி வராது, அதனால் நுரையிலும் தெரியாது, பலூனிலும் தெரியாது. விடாமல் சுட்டாலும் தெரியாது. காத்திருந்து சுட்டால் மட்டும் குண்டு வேகமாகப் போய் இரண்டு மில்லிமீட்டர் மேலே அடிக்கும். உங்கள் ஆட்டத்தில் அது எவ்வளவு என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

புது வில்லை என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. நாற்பது நிமிட வேலை. திருகியைக் கையில் எடுத்தேன். அப்போது அப்பா உள்ளே வந்தார். "சின்னவளோட துப்பாக்கி ரெடியா? பார்த்து செய். உன் கைபட்டுக் கெட்டுச்சுன்னு ஆகிடக் கூடாது" என்றார். ரெடி என்று சொன்னேன். திருகியை வைத்துவிட்டுப் பெட்டியை மூடினேன்.

அது முதலில் எனக்கு வாங்கிய துப்பாக்கி. எனக்கு இருபத்து மூன்று வயதானபோது ரேஞ்சில் அத்தனை பேர் பார்க்க அப்பா அதை என் தோளிலிருந்து எடுத்து உன் கையில் கொடுத்தார். "உனக்கு இது வராது. கை சுத்தமா இருக்கு, ரிப்பேர் கத்துக்கோ" என்றார். நீ பதினேழு வயதுப் பெண். என்ன சொல்லியிருக்க முடியும்? ஆனால் நீ ஒன்றும் சொல்லவில்லை என்பதையே ஆறு வருடமாக நெஞ்சில் வைத்திருந்தேன். உனக்காக அந்தத் துப்பாக்கியை மாதாமாதம் துடைத்தேன்.

ஏழு நிமிடம் நிறுத்துவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஏதாவது நடக்கட்டும் என்றுதான் இருந்தேன். அதையும் மறைக்கவில்லை.

மார்ச்சில் நான் எழுதிய எண்களில் ஒன்று கூடப் பொய்யில்லை. இடைவெளி விடாமல் சுட்டேன், அவ்வளவுதான். பல் டாக்டரின் மகளுக்குக் கொடுப்பதற்கு முன் வில்லையை மாற்றினேன். சில்லறை வேலை என்று எழுதினேனே, அதுதான்.

உன் இரண்டாவது குண்டு கீழே போனதற்கும் உன் கை காரணமில்லை. முதல் குண்டு மேலே போனதைப் பார்த்ததும் நீ குறியைக் கீழே இறக்கியிருப்பாய். கண்ணை நம்பும் எந்த வீராங்கனையும் அதைத்தான் செய்வாள். அதற்குள் துப்பாக்கி பழைய வேகத்துக்குத் திரும்பியிருந்தது. நீ சரியாகச் செய்தாய். சரியாகச் செய்ததால்தான் தோற்றாய். இது எனக்கு மார்ச்சிலேயே தெரியும். தெரிந்துகொண்டேதான் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று உன்னைக் குத்தினேன்.

முதலில் அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைக் காலி செய்து கை கழுவிய பிறகு, "நடந்தது நடந்துபோச்சு. அந்தப் பொண்ணு அடுத்த மாசம் வெளிநாடு போறா. இப்பப் போய்க் கிளறாத" என்றார். உனக்காவது எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதி? அவளுக்குத் தில்லு இருந்திருந்தா அன்னைக்கே சண்டை போட்டிருப்பாள்ல" என்றார். பிறகு கோச்சிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "உன் வேலைய நீயே கெடுத்துக்காதம்மா" என்றார்.

தேர்வுக் குழுவுக்கு நானே எழுதினேன். மூன்று வரியில் பதில் வந்தது. துப்பாக்கியைச் சரியாக வைத்திருப்பது போட்டியாளரின் பொறுப்பாம், முடிவில் மாற்றம் இல்லையாம். ரேஞ்சில் மட்டும் மாற்றம் இருந்தது. திங்கட்கிழமை என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அப்பா இப்போது நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாப்பிட உட்காருகிறார்.

ஆக, உண்மையைச் சொல்லியும் உனக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை. அடுத்த தேர்வுக்கு வயது வரம்பு இருபத்து நான்கு. உனக்கு அது மாசியோடு முடிகிறது. உன் கை ஒரு நாளும் நடுங்கியதில்லை. பதினைந்து வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவள் சொல்கிறேன். இது ஒன்றையாவது நம்பு. வண்டி ஓட்ட மறுபடி கேட்டால் சரி என்று சொல்.

மன்னித்துவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதே. நீ அப்படித்தான் எழுதுவாய், அதுதான் எனக்குப் பயம். திட்டு. உனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் போட்டு ஒரு பக்கம் எழுது. எழுத வரவில்லை என்றால் வெறும் உறையையாவது தபாலில் போடு, உன் கையெழுத்தில் என் முகவரி இருந்தால் போதும்.

நன்றாயிரு.

உன் கூடப்பிறந்தவள்