பன்னிரண்டாம் பாகத்திலேயே நின்றுபோன தொடர்

செகண்டி
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து

அன்பு மகள் குக்குவாவுக்கு, அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நானும் உன் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக நொந்துகொண்டிருக்கிறது. அந்தப் பனியில் நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே நம்புகிறேன், இல்லையென்றாலும் போனில் சொல்லமாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா. உன் சிநேகிதி பாபா புதன்கிழமை கனடா திரும்புகிறாள், அவள் பெட்டியில் ஷீட்டோ மிளகாய்த் தொக்கு இரண்டு பாட்டிலும் இந்தக் கடிதமும் வரும். மிளகாய் இந்தத் தடவை கொஞ்சம் தூக்கல், பார்த்துச் சாப்பிடு. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போன் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார், பாதிக் கதை அவரைப் பற்றியது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாயே, "என்னம்மா, நீ பாக்குற தொடர் அஞ்சு வாரமா பன்னெண்டாம் பாகத்துலயே நிக்குது, உடம்பு கிடம்பு சரியில்லையா" என்று. நான் இங்கே எதைப் பார்க்கிறேன் எதில் நிறுத்துகிறேன் என்பது கடல் தாண்டி உன் கணக்கில் தெரிகிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்பாவிடம் சொன்னேன், அவர் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு வந்தார். உன்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன், அது பொய். போனை வைத்த பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. நடந்ததை இப்போது சொல்கிறேன்.

மொட்டை மாடியில் இருந்த டிஷ்ஷைக் கழற்றிவிட்டு நீ அனுப்பிய இன்டர்நெட் பெட்டியை டிவியில் மாட்டினோம் அல்லவா, முதல் வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. நினைத்த நேரத்தில் நினைத்த படம், விளம்பரம் கிடையாது, நாளைக்கு என்ன ஆகும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு மெக்சிகோ தொடரை ஆரம்பித்து, மத்தியானம் ஃபுஃபு சாப்பிட்ட கை காய்வதற்குள் அடுத்தது அடுத்தது என்று பன்னிரண்டு பாகம் தின்று தீர்த்துவிட்டேன். பக்கத்து வீட்டு மான்சா பெரியம்மாவின் நினைப்பே எனக்கு வரவில்லை, அதுதான் என் குற்றம். உனக்கே தெரியும், டிஷ் இருந்தவரை மணி ஏழு ஆனால் அவள் நம் வீட்டில் இருப்பாள். பதினைந்து வருஷம். யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை, அவளும் வரட்டுமா என்று கேட்டதில்லை. ஏழு மணிக்குத் தொடர், அதனால் ஏழு மணிக்கு மான்சா. வில்லியை அவள் திட்டுகிற திட்டில் உன் அப்பா தூக்கத்திலிருந்து எழுந்து "யாரத் திட்டுறாங்க" என்று கேட்பார். விளம்பரம் வந்தால் ஊர்க்கதை பேசுவோம், அதுதான் எங்களுக்குப் பெரிய நிகழ்ச்சியே. போன ஈஸ்டருக்கு அவள் புருஷன் போன பிறகும், நாற்பதாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள், நானும் ஒன்றும் கேட்கவில்லை.

பெட்டி மாட்டின வாரம் வியாபாரத்துக்கு வெளியூர் போயிருந்தவள், திரும்பி வந்த திங்கட்கிழமை வழக்கம்போல ஏழு மணிக்கு வந்தாள். நான் மத்தியானமே பார்த்து முடித்தாயிற்று, டிவி அணைந்து கிடக்கிறது, வீடு அமைதியாக இருக்கிறது. உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, முப்பது வருஷம் நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்த மனுஷர், முறை தப்பினால் அவருக்குச் சோறு இறங்காது. எழுந்து நாற்காலி போட்டார், உள்ளே போய்த் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தார், அவள் குடித்து முடிக்கும்வரை நின்றார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இங்க எல்லாம் அமைதிதான். நடந்து வந்தது நீங்க. வந்த சேதியச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார். வந்தவரை அப்படிக் கேட்பது நம் ஊர் மரியாதைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மான்சாவை இத்தனை வருஷத்தில் யார் கேட்டார்கள்? அவள் என்னவென்று சொல்வாள், உங்கள் வீட்டு டிவி பார்க்க வந்தேன் என்றா? தம்ளரைக் கீழே வைத்தாள். "ஒண்ணுமில்ல, கொஞ்சம் உப்பு இருந்தாக் குடுங்க" என்றாள். நானும் ஒரு மக்கு, போய் உப்பு கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் கருவாடு வியாபாரம் செய்கிறவள் மகளே, அவள் கொட்டகையில் உப்பு மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறது. மூன்று நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது மூட்டைகளைப் பார்த்தேன், அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகு அவள் வரவில்லை. கோயிலில் பார்த்தால் "சௌக்கியமா" என்பாள், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. கூப்பிடவேண்டியதுதானே என்பாய், அப்பாவும் அதைத்தான் சொன்னார். புருஷனை இழந்தவள் தனியாக இருக்கிறாளே என்று பரிதாபப்பட்டு மாதர் சங்கத்துப் பெண்கள் வாரம் ஒருத்தியாகச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், அந்தக் கூப்பிடுதலைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. நேரத்துக்கு வருகிறவள் உரிமையோடு வருகிறாள், கூப்பிட்டு வருகிறவள் விருந்தாளி. தினமும் ஒருத்தியை விருந்தாளியாகக் கூப்பிட முடியுமா? பதின்மூன்றாம் பாகத்தை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், திட்ட ஆள் இல்லாமல் வாய்க்கு ருசிக்கவில்லை, ஆரம்பத்திலேயே அணைத்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, இதுதான் சங்கதி.

நீ கேட்ட மறுநாள் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், கேள்வி கேட்டது நீங்கள், பதிலும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும் என்று. செவ்வாய்க்கிழமை வள்ளங்கள் கடலுக்குப் போகாது, மான்சா வீட்டில்தான் இருப்பாள். சாயங்காலம் இரண்டு பேரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு போனோம். அவள் எங்களைப் பார்த்ததும் முகத்தை இரும்பாக்கிக்கொண்டாள். பெஞ்சு போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், குடித்து முடிக்கும்வரை நின்றாள், அப்பா பேசின அதே குரலில், "இங்க எல்லாம் அமைதி. நடந்து வந்தது நீங்க. சேதி என்ன?" என்றாள். பழி வாங்கிவிட்டாள், எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அப்பா எழுந்து நின்றார். வழியெல்லாம் ஒரு பிரசங்கத்தை முணுமுணுத்துக்கொண்டு வந்தவர் அதில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. "மான்சா, தப்பு என்னுது. விருந்தாளியக் கேக்குற கேள்விய வீட்டு மனுஷியக் கேட்டுட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருஷமாகக் கூட வாழ்கிறேன், இவர் தப்பு என்று ஒத்துக்கொண்டு நான் கேட்டது இதுதான் முதல் தடவை. நான் புகுந்து, "இன்னைக்கி ஏழு மணிக்கு முதல் பாகத்துலேருந்து போடுறேன், தினம் ஒண்ணுதான், ஒருத்தருக்காகவும் நிறுத்தி வைக்கமாட்டேன், சொல்லிட்டேன்" என்றேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப ஏன்டி இங்க உக்காந்திருக்க, மணி ஆறரை ஆச்சு" என்றாள்.

அன்றைக்கு ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவள் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, தலையைக்கூடத் தூக்கவில்லை, அவள் தாண்டிப் போக வசதியாக நோகிற காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டார், அவ்வளவுதான். அவளும் தாண்டிப் போய் உட்கார்ந்தாள். இப்போது ஐந்து நாளாயிற்று, ஒரு நாள் தவறவில்லை. கால் மணிக்கு ஒரு தடவை "நிறுத்துடி, விளம்பரம்" என்கிறாள், நான் நிறுத்துகிறேன், பேசி முடித்ததும் மறுபடி ஓடவிடுகிறேன். நேற்று அப்படி நிறுத்தினபோதுதான் சொன்னாள், அவள் புருஷன் இரவு வேலைக்கு ரயில்வேக்குப் புறப்பட்டுப் போகிற நேரம் ஏழு மணியாம், "இத்தன நாளும் அந்த ஒரு மணி நேரம் வெளக்குகூடப் போடாம உக்காந்திருந்தேன் எஸி" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவள் என்னைத் திட்டினாள். பிறகு இரண்டு பேரும் வில்லியைத் திட்டினோம். மனசு நிறைவாக இருக்கிறது மகளே.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும், கை நிறைய வேலையும், சீக்கிரமே மடி நிறையப் பிள்ளையும் ஆண்டவர் தரட்டும். குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. அந்தத் தொடரின் முடிவு உனக்குத் தெரியும் என்று தெரியும், வாயைத் திறக்காதே. இன்னொன்று, முக்கியமானது, மறந்துவிடாதே. நீ எப்போது கூப்பிட்டாலும் அம்மா ஓடிவந்து எடுப்பேன், குளித்துக்கொண்டிருந்தாலும் எடுப்பேன். ஆனால் எங்கள் ஊர் நேரம் ஏழிலிருந்து எட்டு வரை மட்டும் கூப்பிடாதே கண்ணே, எடுக்கமாட்டேன். அது மான்சாவின் நேரம்.

என்றும் உன் நலம் கேட்கும்
அம்மா எஸி
(அப்பா முழங்காலோடு சேர்ந்து ஆசீர்வதிக்கிறார்)