டன் பக்கம் ஒட்டிய சீட்டு

செவ்வாய்க்கிழமை இரவு, வாகட்.

வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கும் மகள் காவ்யா, தன் வேலைகளை மஞ்சள் சீட்டுகளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பாள். இடப்பக்கம் செய்யவேண்டியவை, நடுவில் நடப்பவை, வலப்பக்கம் ‘டன்’, அதாவது முடிந்தவை. நேற்று ஃபேன் காற்றில் நடுவிலிருந்து ஒரு சீட்டு விழுந்தது. டன் பக்கம் காலியாகக் கிடக்கிறதே, பாவம் பிள்ளை என்று அங்கே ஒட்டிவிட்டேன். பத்தாவது படித்த மூளை அவ்வளவுதான்.

இன்று காலை, அவரவர் வேலை நிலவரம் சொல்லும் ஸ்டாண்ட்-அப் மீட்டிங். பெயர்தான் அப்படி, யாரும் நிற்பதில்லை. சுவரைப் பார்த்து, அந்த வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டாள். மதியம் வாடிக்கையாளருக்குக் காட்டும்போது அது பாதியில் நின்றுவிட்டது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டுவிட்டார்.

“எப்படிப்பா டன்னுக்குப் போச்சு? நான்தான் தூக்கக் கலக்கத்துல மாத்திட்டேன் போல” என்றாள்.

“வேலை ஜாஸ்திம்மா, கொஞ்சம் ரெஸ்ட் எடு” என்றேன். வாய் கூசவில்லை.

இப்போது ஒரு சீட்டில் ‘மாற்றி ஒட்டியது அப்பாதான்’ என்று எழுதினேன். டன் பக்கம் ஒட்டக் கை வரவில்லை, நடுவில் ஒட்டியிருக்கிறேன். தமிழில்தான் எழுதினேன். இந்த மராட்டி ஊரில் படித்து வளர்ந்தவள், காலையில் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பால் வாங்கக் கிளம்பிவிடலாம்.