இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறு

மதினி,

இன்று காலையும் நகராட்சி ஆள் வந்து கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டுப் போனான். அந்த வாடை அடித்தாலே எனக்கு உங்கள் ஞாபகம்தான். நீங்கள் இறந்த வாரத்தில்தான் அதை முதன்முதலாகக் கொட்டினார்கள்.

நடுச்சுவருக்கு அடியில் பாதி உங்கள் பக்கம், பாதி என் பக்கமாக ஒரே கிணறு. ஆளுக்கொரு உருளை, ஆளுக்கொரு கயிறு. உறவில்லாத அடுத்த வீட்டுக்காரியான உங்களை நான் மதினி என்று கூப்பிட ஆரம்பித்தது தண்ணீர் இறைத்துக்கொண்டே பேசிய பேச்சில்தான். உள்ளே வாளிகள் முட்டிக்கொண்டால், "ஏத்தா, ஒன் வாளிக்கு எம்மேல என்ன கோவம்?" என்பீர்கள்.

பிறகு ஏலக்காய் விலை ஏறியது. மலை வேலைக்கும் காய் தரம் பிரிக்கும் வேலைக்கும் எங்கெங்கிருந்தோ சனம் வந்து இறங்கியது. விடிந்தால் மலைக்கு ஏறும் குரங்கணிப் பாதையில் கால் வைக்க இடமில்லை. நம் போடியில் மாட்டுக்கொட்டகைக்குக்கூட வாடகைக்கு ஆள் வந்தது. ஊர் கெட்டுவிட்டது என்று புலம்பாதவர் நம் தெருவில் இல்லை. கொல்லையில் அறை கட்டி வாடகைக்கு விடாதவரும் இல்லை. புருஷனைப் பறிகொடுத்த எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? நாலு அறை கட்டினேன். அறைக்கு எட்டுப் பேர். மத்தியானத்துக்குள் கிணறு கலங்கிவிடும். நான் அவர்களைத் திட்டித் தீர்ப்பேன். நீங்களோ உங்கள் பக்கத்து உருளையையும் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தீர்கள்.

அத்தனை பேருக்கும் கக்கூஸ் வேண்டுமே. மிஞ்சியிருந்த இடம் கிணற்றடி ஒன்றுதான். குழி வெட்டும் சத்தம் கேட்டு நீங்கள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தீர்கள்.

"இம்புட்டுக் கிட்டயா தோண்டுவ? ஒரு ரூம இடிச்சுட்டு அங்கிட்டுத் தோண்டு, தாயி."

"ஒங்களுக்கென்ன மதினி, மகன் சம்பாதிக்கிறான்."

வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் நீங்கள் அதைப் பேசவேயில்லை. என்னோடு சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஐப்பசி மழையில் குழி நிரம்பி வழிந்தது. மூன்றாம் நாள் உங்களுக்கு வாந்திபேதி. காலையில் கோலம் போட்டவர், பொழுது சாய்வதற்குள் கண் உள்ளே போய், விரலெல்லாம் சுருங்கிக் கிடந்தீர்கள். "தண்ணி கொண்டா" என்றீர்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் கொண்டுவந்து கொடுத்தேன்.

"வந்த சனம் கொண்டாந்த சீக்கு" என்றது தெரு. என் வீட்டில் குடியிருந்தவர்களின் சட்டி பானையைத் தூக்கி வீதியில் எறிந்தார்கள். கைப்பிள்ளைக்காரிகள் மழையில் நின்றார்கள். அது நான் தோண்டிய குழியால் வந்த சீக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் மகனுக்கும் இன்றுவரை தெரியாது. குழியை மட்டும் சத்தமில்லாமல் மூடினேன். அறைகளைப் பூட்டிப்போட்டு ஒரு வருஷமாகிறது.

இன்று மத்தியானம் மழையில்லாத கிழக்குச் சீமையிலிருந்து ஒருத்தி அறை கேட்டு வந்தாள். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. "கெணத்துத் தண்ணி குடிக்கலாமா ஆத்தா?" என்று கேட்டாள்.

குடிக்காதே என்றேன். ஏன் என்றாள். தெருவுக்குச் சொல்லாததை, உங்கள் மகனுக்குச் சொல்லாததை, பெயர்கூடத் தெரியாத அவளிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். குழி வெட்டச் சொன்னதையும், நீங்கள் தடுத்ததையும், கடைசியாக நான் கொடுத்த தண்ணீரையும் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூட்டையை இறக்கி வைத்தாள்.

"ஊர்ல வேற எடமே இல்ல ஆத்தா. சாவியக் கொண்டாங்க."