அம்மை வீடும் போண்டாவுக்கு ஏற்ற பீரும்

மார்ச் 8, 1983. செவ்வாய்
பாப்பாவுக்கு நெற்றியில் ஒரு முத்து, முதுகில் நாலு. அம்மைதான். பெண்டாட்டி கெங்கம்மா வாசலில் வேப்பிலை செருகி, எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்துவிட்டாள். குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை தாளிப்பு கிடையாது, வறுவல் கிடையாது, சாராய வாடையே ஆகாது. நாலு வயசுப் பிள்ளை. போன வருஷம் பக்கத்து வீட்டுத் தசரதன் மகனுக்கு அம்மையில் ஒரு கண் போனது நினைவிலேயே நிற்கிறது.

மார்ச் 9
வனத்துறை ரேஞ்சர், நான் சமைக்கும் மலை பங்களாவுக்கு வந்தார். ஞாயிறு அன்று மெட்ராஸ் விருந்தாளிகளாம். "போண்டா, மெதுவடை, கோழி வறுவல். எல்லாம் எண்ணெய், அதுக்கேத்த பீரா நீயே பாத்து வாங்கு, சக்கரவர்த்தி. போன தடவ வயித்துல கல்லு போட்ட மாதிரி ஆயிடுச்சு."
வீட்டில் அம்மை என்றேன்.
"உன் வீட்லதானே? பங்களாவுல இல்லையே."
தினக்கூலி சமையல்காரன் வேறு என்ன பேச முடியும்?

மார்ச் 10
கெங்கம்மா கத்தவில்லை. அதுதான் பயம். "எண்ணெய்ல கை வச்சீன்னா உள்ள வராதய்யா. ஆத்தா இருக்குற வூடு" என்றாள். போர்வையோடு மாட்டுக்கொட்டகைக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 11
போளூர் பிராந்திக் கடையில் மூன்று வித பீர் இருந்தது: மெல்லிசு, ஸ்ட்ராங், கறுப்பு. ருசி பார்க்காமல் எப்படிப் பொறுக்குவது? குடியை நான் தொட மாட்டேன். எல்லாவற்றிலும் வாங்கிக்கொண்டு ரேஞ்சர் ஜீப்பில் மலையேறி, பங்களாவில் வண்டியை நிறுத்திய பிறகு டிரைவர் துரைக்கண்ணுவை உட்காரவைத்தேன். நான் பொரித்துப் போட, அவன் தின்று குடித்துச் சொன்னான்.
"கறுப்பு போண்டாவோட சேராதுபா, ரெண்டும் சேந்து அமுக்குது. கோழிக் காரத்துக்கு வேணா குடு. ஸ்ட்ராங்கு திகட்டுது. மெல்லிசுதான்! அந்தக் கசப்பு எண்ணெய வழிச்சிக்கினு போவுது. கையி தானா அடுத்த போண்டாவத் தேடுது!"
அவனுக்குக் கொண்டாட்டம். எனக்கோ எண்ணெய் கொப்புளிக்கும்போதெல்லாம் பாப்பாவின் முதுகுதான் கண்முன் நின்றது.

மார்ச் 12
பாப்பாவின் இமையில் ஒரு முத்து. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கெங்கம்மா சொன்னாள்.
நேற்று போட்ட போண்டாவா? ஐயோ, இன்னா காரியம் பண்ணிட்டேன்! தாயே, கோவம் இருந்தா எம்மேல காட்டு. அது பச்சப் புள்ள.

மார்ச் 13
ஓடை மணலில் புதைத்துக் குளிர்ந்த மெல்லிசு பீரை வடைக்கும் போண்டாவுக்கும் வைத்தேன், கோழிக்குக் கறுப்பு. தட்டெல்லாம் காலி. ரேஞ்சர் தோளைத் தட்டி என்னமோ புகழ்ந்தார், காதில் ஏறவில்லை. ஓடையில் முங்கி எழுந்து ஓடிவந்து சுவரோரம் நின்று "பாப்பா" என்றேன். முனகல் மட்டும்தான் கேட்டது.

மார்ச் 15
இன்னும் அந்தக் கண் திறக்கவில்லை.

மார்ச் 17
இமை முத்து காய்ந்து உதிர்ந்துவிட்டது! சுவர் ஓட்டையில் அந்தக் கண்ணையே வைத்துப் பார்த்து, "அப்பா மாட்டோட படுத்துக்கினு கீது" என்று சிரிக்கிறாள். நான் அழுதுவிட்டேன்.

மார்ச் 22
பாப்பாவுக்குத் தலைக்கு மூன்றாம் தண்ணீரும் ஊற்றியாயிற்று. கெங்கம்மா உள்ளே கூப்பிட்டாள். "பாப்பா போண்டா கேக்குது. சட்டிய வையி" என்றாள்.
அடுப்புச் சூட்டுக்குச் சட்டையைக் கழற்றினேன். மார்பில் மூன்று முத்து.
கெங்கம்மா பார்த்தாள். சட்டியை எடுத்து மறுபடியும் கவிழ்த்துவிட்டு வேப்பிலை ஒடிக்கப் போனாள்.
இத்தனை நாளில் இன்றைக்குத்தான் எனக்குப் பயமில்லை. பாப்பா மட்டும் போண்டா கேட்டு அழுதுகொண்டிருக்கிறாள்.