அண்ணன் கழற்றாத கறுப்புக் கண்ணாடி

ஷின்யி மலை,
பிப்ரவரி 20.

அன்பு மகள் வெய்-யுன்னுக்கு,

சாப்பிட்டாயா? இங்கே உன் அப்பா, உன் அம்மா, சித்தப்பாவாகிய நான் மூவரும் வேளை தவறாமல் சாப்பிட்டு உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். ராட்டர்டாம் குளிரைப் பற்றி எழுதியிருந்தாய், போன வாரம் இங்கே அடித்த குளிரில் நம் சேவல் என் போர்வைக்குள் புகுந்து, வெளியே தலை காட்டாமல் அங்கிருந்தே பொழுது விடிந்ததை ஊருக்கு அறிவித்தது. பிளம் மரங்கள் பூத்து ஓய்ந்து பிஞ்சு விட்டிருக்கின்றன, அடுத்த மாதக் கடைசியில் பறிப்பு தொடங்கிவிடும். உன் அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை. இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நீ அழைக்கும்போதெல்லாம் உன் அப்பா என் தோளில் தாடையை ஊன்றிக்கொண்டு உட்காருகிறார், இனி நான் எழுதப்போவது அவர் காதில் விழக்கூடாது.

அப்பாவின் பிறந்தநாளுக்கு, வெயிலில் தானாகக் கறுத்து நிழலில் தானாகத் தெளியும் மூக்குக்கண்ணாடி ஒன்று அவருடைய பவருக்கு வேண்டும், மலைப்பாதையில் பைக் ஓட்டும்போது அவருக்குக் கண் கூசுகிறது, நான் தேர்ந்தெடுத்தது மாதிரி இருக்கட்டும், நீங்கள் போய்ப் பார்த்து எடுங்கள் சித்தப்பா என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாய். இந்த மலையில் அறிவு சம்பந்தமான எந்தக் காரியத்துக்கும் என்னை விட்டால் ஆளில்லை என்பது உனக்குத் தெரிந்திருந்ததில் எனக்குப் பெருமை. ஷுயிலி கடைத்தெருவில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் ஷ்யே அம்மாளிடம் போய், இருந்த லென்ஸ் அத்தனையையும் வாசலுக்குக் கொண்டுவரச் செய்து, வெயிலில் வரிசையாக அடுக்கி, நாய்ப்பந்தயம் நடத்துவதுபோல் எது முதலில் கறுக்கிறது என்று பார்த்தேன். ஒன்று நான் இருமி முடிப்பதற்குள் சோயா சாஸ் மாதிரி ஆகிவிட்டது, அதற்கே மகுடம் சூட்டினேன். அந்த அம்மாள் ஹெல்மெட் எப்படிப்பட்டது, போகிற வழியில் சுரங்கப்பாதை உண்டா என்று ஏதோ கேட்க வந்தாள். நாற்பது வருஷமாகப் பைக் ஓட்டுகிறேன், எனக்கா பாடம் என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். கறுக்க எவ்வளவு நேரம் என்று பார்த்தவன், தெளிய எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை அம்மா. வெய்-யுன், இந்தக் கடிதத்தில் நான் கூட்டிச் சொல்லாத வரி அது ஒன்றுதான்.

கண்ணாடி வந்த அன்று உன் அப்பா அதைப் போட்டுக்கொண்டு கோழிகளுக்கெல்லாம் தரிசனம் கொடுத்தார். பைக்கில் ஏறி ஹெல்மெட்டில் முகத்தை மூடும் வைசரை இறக்கினால் கண்ணாடி கறுக்கவே இல்லை, அதைக் கறுக்கவைக்கும் கதிரை வைசரே தடுத்துவிடுகிறது என்பது எங்கள் இருவருக்கும் அதுவரை தெரியாது. ஏமாந்துவிட்டோம் என்று உனக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாயே என்று அவர் வைசரைக் கழற்றிப் போட்டுவிட்டு, வழியெல்லாம் பூச்சிகளைத் தின்றுகொண்டு ஓட்ட ஆரம்பித்தார். கண்ணாடி கரியாகக் கறுத்தது. அந்தக் கரியோடு தோட்டத்துக்குப் போகும் வழியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைந்தார். பாதி விளக்கு எரியாத சுரங்கம், எதிரே முட்டைக்கோஸ் லாரி. சுவரோடு உரசி முழங்கால் தோல் வழண்டு, பைக்கின் பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்து வீடு வந்தார். குரங்கு குறுக்கே பாய்ந்தது என்று உன் அம்மாவிடம் சொன்னார். உன்னிடமும் அதைத்தான் சொன்னார், நீ சிரித்தாய்.

அன்றிலிருந்து அவருக்குப் பக்தி வந்துவிட்டது. சுரங்க வாயிலில் நிலம் காக்கும் தூதிகோங் சாமிக்கு ஒரு தகரக்கூரைக் கோயில் இருக்கிறதே, அறுபத்தைந்து வருஷமாக அதைத் திரும்பிப் பார்க்காத மனிதர், போகும்போதும் வரும்போதும் இறங்கி ஊதுபத்தி கொளுத்துகிறார். உன் அம்மா பூரித்துப்போய் கட்டுக்கட்டாக ஊதுபத்தி வாங்கிக் கொடுக்கிறாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. செவ்வாய்க்கிழமை பின்னாலேயே போய்ப் பார்த்தேன், கையில் ஊதுபத்தியை வைத்துக்கொண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் கண்ணாடியைக் கழற்றி வெள்ளைச் சட்டைக் கைமேல் வைத்து, கறுப்பு இறங்கிவிட்டதா என்று பார்க்கிறார். இறங்கவில்லை. கூரை நிழலானாலும் சுற்றிலும் வெளிச்சம், அதுவும் குளிரில் தெளிவதற்கு இன்னும் நேரமாகும், இதையெல்லாம் நான் பிறகுதான் ஷ்யே அம்மாளிடம் போய்த் தலைகுனிந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஊதுபத்தி பாதி எரிந்தது, அவருக்குப் பொறுமை போனது, அரைக்கறுப்போடு பைக்கை எடுத்தார். சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

வேவு பார்க்க வந்தாயா, இரண்டு கும்பிடு போடு, புத்தியாவது வரும் என்றார். சாமி அந்தப் பக்கம் இருக்கிறது அண்ணே, நீங்கள் சட்டைக் கையை அல்லவா கும்பிடுகிறீர்கள் என்றேன். பழைய கண்ணாடி மேஜைக்குள் சும்மாதானே கிடக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"அவ அவ்வளவு தூரத்துல இருந்துகிட்டு என் கண்ணு கூசுதேன்னு நெனச்சிருக்காடா. அதக் கழட்டி வெச்சுட்டு நான் எதப் பாக்கப் போறேன்?"

உடனே உண்மையைச் சொல்லிவிட்டேன், அவள் தேர்ந்தெடுக்கவில்லை, இந்த மடையன்தான் தேர்ந்தெடுத்தேன் என்று. நம்பவில்லை. "அவ மனசு நோகக் கூடாதுன்னு பழிய நீ தூக்கிக்கிற. உன் வாயில என்னைக்குடா நெசம் வந்திருக்கு" என்று என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். விலாங்கு மீனைக் குதிரையென்று நினைத்து ஏறிக்கொண்டு ஆற்றைக் கடந்த கதையை இருபது வருஷமாகச் சொன்னவனுக்கு இது வேண்டியதுதான். ஆனால் அடுத்த மாதம் பறிப்பு தொடங்கினால், பின்னால் இரண்டு கூடை பழத்தோடு ஒரு நாளைக்கு ஆறு நடை அந்தச் சுரங்கத்துக்குள் போவார், லாரிகளும் அதே வழிதான். ஒவ்வொரு நடைக்கும் ஊதுபத்தி எரிய அவருக்குப் பொறுமை இருக்காது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நீயே சொல். உள்ளே கறுக்காத கண்ணாடி அவர் பவருக்கு, வெளியே கட்டைவிரலால் தட்டினால் இறங்கி ஏறும் கறுப்பு வைசர் உள்ள ஹெல்மெட், சுரங்கம் வந்தால் ஒரு தட்டு, அவ்வளவுதான். இரண்டையும் ஷ்யே அம்மாளே எடுத்துவைத்திருக்கிறாள், இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. உன் கண்ணாடியை மரத்தடியில் நடக்கும்போது போட்டுக்கொள்ளட்டும். தப்பாகத் தேர்ந்தெடுத்தது சித்தப்பாதான் என்று அழுத்திச் சொல், உலக மகா முட்டாள் என்றும் சேர்த்துக்கொள், அதற்கு எழுத்துமூலம் அனுமதி தருகிறேன். உன் பரிசை அவர் உயிர் போனாலும் கழற்றமாட்டார். என் முட்டாள்தனம் என்று தெரிந்தால் அந்த நிமிஷமே கழற்றிவிட்டு, ஊரெல்லாம் காட்டிச் சிரிப்பார். சிரிக்கட்டும் அம்மா.

நீ நூறு வயது இருக்கவேண்டும், போகிற வழியெல்லாம் வெளிச்சமாக இருக்கட்டும். மப்ளர் இல்லாமல் சைக்கிளில் போகாதே. ஞாயிற்றுக்கிழமை, மறந்துவிடாதே.

உன் சித்தப்பா,
லாய் ஷுன்-ஃபா